இடது காலில் உட்கார்ந்த ஈ

சித்திரை பிறந்துவிட்டால் எங்கள் வீட்டுக் கொல்லையில் மனுஷர் நிற்க முடியாது. பின்னாலேயே வாய்க்கால். ஊர் மாடுகளை அங்கேதான் குளிப்பாட்டுவார்கள். மாடு கரையேறிப் போய்விடும், மாட்டு ஈ போகாது. நேரே என் வெண்டைப் பாத்திக்கு வந்துவிடும். ஊசி மாதிரி ஏற்றும். கையை ஓங்குவதற்குள் அடுத்த காலுக்குப் போய்விடும். வேப்பிலை மூட்டம் போட்டேன், எனக்குத்தான் இருமல் வந்தது. வேப்பெண்ணெய் தடவினேன், அந்த நாற்றத்தில் நான் ஓடாமல் இருந்ததே பெரிது. ஈ ஓடவில்லை, சனியன்.

செடியை விட்டுவிடலாம் என்றால் என் வீட்டுக்காரர் விடமாட்டார். மாஞ்சோலை மலைப்பாதையில் வருஷக்கணக்காக பஸ் ஓட்டியவர். வாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு கொஞ்சம் குழறினாலும் புரியும். இடது கையையும் காலையும் கிள்ளினாலும் தெரியாது. காலையில் கொய்யா மரத்தடியில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, நான் களை எடுப்பதை அவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரம்தான் அவருக்கு வெளி உலகம்.

வலது காலில் ஈ உட்கார்ந்தால் உதறிவிடுவார். இடது காலில் அது பாட்டுக்குக் குடித்துக்கொண்டிருக்கும். நான் திரும்பிப் பார்க்கும்போது கணுக்காலில் ரத்தம் கோடு போட்டிருக்கும். வேலையில்லாதவனை ஈ ஓட்டுகிறான் என்று சொல்வார்களே, எனக்கு அதுவே வேலையாகிப் போயிற்று. பாத்திக்கும் நாற்காலிக்குமாக நடந்து நடந்து ஒரு நாள் எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. இவ்வளவு ரத்தம் குடிக்கிறது, இதுகூடவா தெரியவில்லை என்று அவரிடம் கத்திவிட்டு, அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதேன். அழுதுகொண்டே குலசை அம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். இந்தக் காலில் உணர்ச்சியைக் கொடு தாயே, தசராவுக்கு வேஷம் கட்டி, தர்மம் எடுத்து உன் உண்டியலில் போடுகிறேன் என்று. மனசுக்குள்தான் நேர்ந்தேன். அவரிடம் சொல்லவில்லை.

இரண்டு மூன்று நாள் கழித்து, கத்தரிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து அவர் குரல்.

"ஏளா, கடிக்குது."

திரும்பினேன். இடது கால். கெண்டைச் சதையில் ஈ.

ஓடிப்போய் அடித்தேன். நிசமாகவா என்று கேட்டேன், ஆமாம் என்றார். ஊக்கைக் கழற்றி மெல்லக் குத்திப் பார்த்தேன், அதற்கும் 'ம்' என்றார். கையெல்லாம் மண்ணோடு அவர் முகத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவர் விழுந்த பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான். அப்புறம் தினமும் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் ஓடி ஓடி அடித்தேன். அந்தக் கோடை முழுக்க, சொன்னால் சிரிப்பீர்கள், காலையில் ஈ வராவிட்டால் எனக்குக் கவலையாக இருந்தது.

புரட்டாசியில் நேர்த்திக்கடனைச் சொன்னபோது அவர் முகம் சுண்டிப்போயிற்று. இந்த வருஷம் வேண்டாம், கால் நல்லா வரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். எனக்குக் கோபம் வந்தது. பள்ளிக்கூடத்து டீச்சரான நான் குறத்தி வேஷம் கட்டித் தெருவில் கையேந்தினால் இவருக்குக் கௌரவக் குறைச்சல் போலிருக்கிறது என்று நினைத்தேன். அம்மன் கடனைப் பாக்கி வைப்பார்களா? காப்புக் கட்டி, விரதமிருந்து, பாசிமாலையும் கூடையுமாக என்னிடம் படித்த பிள்ளைகளின் வீட்டு வாசலிலேயே போய் நின்று தர்மம் கேட்டேன். ஏன் டீச்சர் இந்த வேஷம் என்று கேட்டவர்களிடமெல்லாம், எங்க வீட்டு சாருக்குக் காலில் உணர்ச்சி வந்துவிட்டது என்று வாய் ஓயாமல் சொன்னேன். குலசைக்குப் போய் உண்டியலில் கொட்டிவிட்டு வந்த அன்று அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அசதி என்று விட்டுவிட்டேன்.

இந்த வருஷமும் சித்திரை வந்தது, ஈயும் வந்தது. முகத்தில் மொய்க்கிறது என்று அவர் துண்டைத் தலையோடு போர்த்திக்கொண்டு, மணிமுத்தாறு அணைக்கு மேலே ஒரு கொண்டை ஊசி வளைவில் கரடி குறுக்கே வந்த கதையைத் துண்டுக்குள்ளிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். நான் உம் கொட்டிக்கொண்டே பாத்தியிலிருந்து எழுந்தேன். இடது பாதத்தில் ஈ. நன்றாக ஊன்றி உட்கார்ந்து குடிக்கிறது. கரடிக் கதை நிற்கவில்லை. வயிறு புடைக்கக் குடித்துவிட்டு அது பறந்துபோயிற்று, ரத்தம் விரல் இடுக்கில் இறங்கியது. கதை முடிந்து துண்டை எடுத்தார். இன்னொரு ஈ வந்து அதே காலில் உட்கார்ந்தது, கடிக்கக்கூட இல்லை.

"ஏளா, கடிக்குது" என்றார்.

நான் அடிக்கவில்லை. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது. அவருக்குப் புரிந்துவிட்டது.

"அன்னைக்கு நீ சிரிச்சுட்ட. பொறவு எப்படிளா இல்லன்னு சொல்ல?"

எனக்கு அம்மன் மேலும் வருத்தமில்லை, வேஷம் கட்டியதற்கும் வெட்கமில்லை. அவரிடம் அப்படிக் கேட்டதற்குத்தான் வருந்துகிறேன். அன்றோடு அவர் சொல்வதை நிறுத்திவிட்டார். ஈ வந்து உட்கார்ந்தால் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறார், நானாகப் பார்த்து வந்து அடித்தால் உண்டு. நேற்று ஒன்று ரத்தம் வரக் கடித்திருந்தது. நான் பக்கத்தில் போய்க் குனிந்து, கடிக்குதுதானே என்று கேட்டேன். ஆமாம் என்று ஒரு தடவை சொல்லிவிட மாட்டாரா என்றிருந்தது எனக்கு.

இல்லை என்று தலையாட்டினார்.