புளி போட்டுத் தேய்த்த தலைக்கவசம்

எங்கள் வீட்டில் பிடிவாதத்துக்கு மட்டும் பஞ்சமே இருந்ததில்லை. அப்பா ஒரு பக்கம் இழுத்தால் அம்மா மறுபக்கம் இழுப்பாள். எட்டு வயதிலேயே நானும் அதில் ஓரளவு தேறியிருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் அமெரிக்காவில், பார்சிப்பனி என்ற ஊரில் இருந்தோம். குதிரை மேல் ஒரு நாள்கூட உட்கார்ந்திராத கோயம்புத்தூர்க்காரரான அப்பாவுக்கு, எங்கிருந்துதான் தொற்றியதோ, பழைய ஜெர்மன் குதிரைப்படை அதிகாரிகளின் தொப்பிகள் மேல் பித்துப் பிடித்திருந்தது.

முதலில் ஈட்டி வீரர்களின் சதுர உச்சித் தொப்பி ஒன்று வந்தது. பிறகு மிருக ரோமத்தாலான தொப்பி ஒன்று. அதோடு ஓய்ந்துவிடுவார் என்று அம்மா நம்பினாள். அவரோ, கழுகுச் சின்னமும் பிடரியை மறைக்கும் தகடும் உள்ள உலோகத் தலைக்கவசம் ஒன்றைப் பிடிக்காமல் விடுவதில்லை என்றிருந்தார். மூன்று வருடம், பனி கொட்டினாலும் சரி, சனிக்கிழமையானால் காரை எடுத்துக்கொண்டு பழம்பொருள் சந்தைகளுக்குக் கிளம்பிவிடுவார். கடைசியில் பென்சில்வேனியாவில் யாரோ ஒரு மூதாட்டி வீட்டுப் பரணிலிருந்து அதைக் கொண்டுவந்து சேர்த்தார்.

அம்மா அதற்குச் செத்தவன் தொப்பி என்று பெயர் வைத்தாள். எவன் தலையில் இருந்ததோ, எந்தச் சண்டையில் போய்ச் சேர்ந்தானோ, அதைக் கொண்டுவந்து நடுவீட்டில் வைத்திருக்கிறாரே என்று ஃபோனில் சித்தியிடம் புலம்புவாள். அது இருந்த பக்கம் தூசி தட்டக்கூடப் போகமாட்டாள்.

அப்பா பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டுதான் அதை எடுப்பார். அதில் படிந்திருந்த பழுப்பு நிறம்தான் அதன் வயதுக்குச் சாட்சி. கழுகின் மேல் மெல்லிய தங்க முலாம் இன்னும் மிச்சமிருந்தது. தேய்த்தால் இரண்டுமே போய்விடும். இதெல்லாம் வளர்ந்த பிறகு நான் தெரிந்துகொண்டது. அன்று அப்பா சொன்னது, யாரும் கை வைக்கக் கூடாது என்பது மட்டும்தான். அதையும் என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

இந்த மாதிரிப் பொருள்களைச் சேகரிப்பவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. அவர்கள் நடத்தும் கண்காட்சியில் தன் தலைக்கவசம் இடம்பெற வேண்டும் என்பது அப்பாவின் கனவு. சங்கத் தலைவரான அமெரிக்கப் பெரியவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவதாகவும், நேரில் பார்த்து முடிவு சொல்வதாகவும் ஏற்பாடு. அந்த வாரம் முழுக்க அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா அதைக் கவனித்துக்கொண்டே இருந்தாள்.

ஞாயிறு காலை அப்பா இனிப்பு வாங்க, நம்மூர்க் கடைகள் இருக்கும் எடிசன் என்ற பக்கத்து ஊருக்குப் போனார். அம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு செத்தவன் தொப்பியின் முன் போய் நின்றாள். முதன்முறையாக அதைக் கையில் எடுத்தாள்.

"இத்தனை கறுத்துப் போய்க் கெடந்தா வர்றவங்க என்ன நெனைப்பாங்க? மூணு வருஷமா அலைஞ்சு வாங்குன மனுசன்" என்றாள் என்னிடம்.

புளியும் உப்பும் வந்தன. வெள்ளிக்கிழமைதோறும் குத்துவிளக்குத் தேய்க்கிற அதே முனைப்போடு பாத்டப் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். கை சிவந்தது, விடவில்லை. கழுகின் இறக்கை இடுக்குகளுக்குப் பழைய டூத்பிரஷ். ஒரு வழியாக முடித்தபோது அது புதுக் குடம் போல மின்னியது. அம்மாவின் முகத்தில் அப்படியொரு பூரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அப்பா திரும்பி வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல், இனிப்புப் பெட்டியோடு ஹாலில் அப்படியே நின்றார்.

"எப்படி இருக்குதுங்க?" என்று கேட்டாள் அம்மா.

அவர் கவசத்தைப் பார்த்தார். அவளுடைய சிவந்த கையைப் பார்த்தார்.

"பளபளன்னு இருக்குது" என்றார்.

பெரியவர் வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தவரின் முகம் சுருங்கியது. இதைத் தேய்த்தது யார் என்று கேட்டார். வடைத் தட்டோடு சிரித்த முகமாக வந்த அம்மா வாயைத் திறப்பதற்குள், நான்தான் என்று அப்பா ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாடுபட்டது ஒருத்தி, பெயர் வாங்குவது இன்னொருவரா?

"நோ, மாம் டிட் இட்" என்றேன்.

அப்பா என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, குழந்தை விளையாட்டுக்குச் சொல்கிறாள், செய்தது நான்தான் என்று மறுபடியும் அடித்துச் சொன்னார். எல்லாம் தெரிந்த நீங்களா இப்படிச் செய்தீர்கள் என்றார் பெரியவர். இனி இதைக் கண்காட்சியில் வைப்பதற்கில்லை என்றும் சொன்னார். பொய் பிடிபட்டுவிட்டது, பொய் சொன்னவருக்குச் சரியான தண்டனையும் கிடைத்துவிட்டது என்று எனக்குப் பரம திருப்தி.

அம்மாவைக் காணோம் என்று தேடிப் போனேன். சமையலறையில் அடுப்பைப் பார்த்து நின்றபடி அழுதுகொண்டிருந்தாள். தன் உழைப்பை அப்பா பிடுங்கிக்கொண்டாரே என்றுதான் அழுகிறாள், பாவம். அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். ஸ்கூலிலும், தெரிந்த அங்கிள் ஆன்ட்டி எல்லோரிடமும், அதைத் தேய்த்தது நீதான் என்று சொல்லாமல் விடமாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன்.

அவள் சட்டென்று திரும்பி என் வாயைப் பொத்தினாள்.

"யாருகிட்டயும் சொல்லக் கூடாது கண்ணு. அப்பா சொன்னதே இருக்கட்டும்."

இவ்வளவு பெரிய வேலையைச் செய்துவிட்டுத் தன் பெயர் வெளியே வர வேண்டாம் என்கிறாளே, இப்படியும் ஒருத்தி இருப்பாளா என்று வியந்தேன். அவள் சார்பாக நானே ஒரு முடிவெடுத்து, வெகுநாள் அப்பாவோடு பேசாமல் இருந்தேன். அவரும் ஏன் என்று கேட்கவில்லை.