துமிரா அக்காவும் முகம் வாடும் டீச்சரும்

துமிரா அக்காவுக்கு மூளை கலங்கிவிட்டதாம். கைப்பேசியை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொள்கிறாளாம். சோலோ நகரத்தில் எங்கள் சந்து முழுக்க இதே பேச்சு. வதந்தியை விசாரிக்காமல் நம்புவது, பத்திரிகையில் பத்தி எழுதுகிற எனக்கு அழகா? போனேன்.

ஒற்றிக்கொள்வது உண்மை. கலக்கம் பொய். கைப்பேசிக்குள், பாடம் நடத்தும் செயலியில், லாரஸ் டீச்சர் இருந்தாள்: வரைந்த முகம், முக்காடு, வற்றாத சிரிப்பு. எங்கள் பக்கம் ஆசிரியர் கையை நெற்றியில் ஒற்றாமல் பாடம் தொடங்காது. இந்த டீச்சரின் கை கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது; அக்கா என்ன செய்வாள்?

ஆஸ்பத்திரியில் தரை துடைப்பவள். வயது நாற்பத்தாறு. பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமமான தேர்வில் தேறாவிட்டால் வேலை போய்விடும். புத்தகம் எடுத்தால் மூன்றாம் நாள் மூடிவிடுகிறவள், லாரஸ் வந்தபின் ஒருநாள்கூடத் தவறியதில்லை.

"எத்தனையாவது பாடம்க்கா?"

"நாப்பத்தொண்ணு!"

"பேஷ். மூணுல ஒண்ணும் நாலுல ஒண்ணும் கூட்டுனா?"

"அது நாலாவது பாடம் தம்பி. அப்பவே புரியல."

"அப்புறம் எப்படி நாப்பத்தொண்ணு வந்தீங்க?"

பாடம் முடிந்ததும் லாரஸ் கேட்பாள்: புரிந்ததா? 'இல்லை' என்று அழுத்தினால் அவள் முகம் வாடும்.

"ஒரே ஒருக்க அழுத்துனேன். மொகம் தொங்கிப்போச்சு. தொண்ட வத்தச் சொல்லிக்குடுத்தவகிட்ட புரியலன்னு சொல்ல வாய் வருமா? நீ சொல்லியிருக்கியா?"

நான் சொன்னதில்லை. ஊரில் எவனும் சொன்னதில்லை. 'புரிந்தது' என்பதுதான் மரியாதை. நல்ல ஆசிரியர் நம் முழியைப் பார்த்தே பொய்யைப் பிடித்து மறுபடி நடத்துவார். லாரஸுக்கு முகம் காட்டத் தெரியும், பார்க்கத் தெரியாது.

தேர்வுக்கு ஒன்பது நாள். முடித்த பாடம் மறுபடி திறக்காது. அவள் கைப்பேசியிலேயே செயலியை நடத்தும் அலுவலகத்துக்கு முறையிட்டேன். அங்கேயும் ஒரு சிரித்த முகம், நன்றி சொல்லிவிட்டு, சிக்கல் தீர்ந்ததா என்றது. நான் யோசிப்பதற்குள் அக்கா எட்டி 'தீர்ந்தது' என்று அழுத்திவிட்டாள்.

"என்னக்கா இது!"

"கேட்டுட்டு நிக்குதே, பாவம்."

கடைசியில் நானே நடத்துவதாகச் சொன்னேன். சம்பளமாகத் தட்டு நிறைய வறுத்த தெம்பே, எங்கள் ஊர்ச் சோயாக் கட்டி, வந்தது. தின்றுகொண்டே பின்னம் விளக்கினேன்.

"புரிஞ்சுதாக்கா?"

"நல்லாப் புரிஞ்சுது தம்பி."

அவள் முகத்தைப் பார்த்தேன். பார்த்தும், பத்திரிகைக்கு நேரமாகிவிட்டதென்று எழுந்துவிட்டேன்.

தேர்வு முடிந்துவிட்டது. மறுபடி நடத்தச் சொல்லி அவள் கேட்கவே இல்லை. தெம்பேக்கு ஈடாக அந்த ஒரு பாடம் நான் இன்னும் பாக்கி.