சீனி மாத்திரையும் ஒரு பிடி கொழுந்தும்

போன வருடம், மழை விட்டு வெயில் தலைகாட்டிய நாட்களில் நடந்தது இது. ராகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். கல்யாணமாகி வருடங்கள் ஓடிவிட்டன, பிள்ளை இல்லை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. கல்யாண வீட்டுக்குப் போனாலும் சாவு வீட்டுக்குப் போனாலும் "இன்னும் விசேஷம் ஒண்ணும் இல்லையா?" என்று கேட்பார்கள். கேட்ட வாயிலேயே ஒன்று போடலாம் போலிருக்கும்.

எனக்கு மாதவிடாய் ஒழுங்காக வராது. மாதக்கணக்கில் தள்ளிப்போகும். ஒவ்வொரு தடவையும் நம்புவேன், ஏமாறுவேன். கடைசியில் நுவரெலியாவுக்குப் போய் கிளினிக்கில் காட்டினேன். ஸ்கேன் பார்த்த டொக்டர், சூலகத்தில் சின்னச் சின்ன நீர்க்கட்டிகள் இருப்பதாகச் சொல்லி மாத்திரை எழுதினார். வாங்கிப் பார்த்தால் மெட்போர்மின். பக்கத்து வீட்டில் சீனி வியாதிக்காரர் விழுங்குகிற அதே மாத்திரை. வந்த கோபத்தில் திரும்பவும் உள்ளே போனேன்.

"எனக்குச் சீனி இல்லிங்களே டொக்டர். புள்ள கேட்டு வந்தா சீனி மாத்திரை குடுக்குறீங்க?"

அவர் கோபப்படவில்லை. சீனியைக் கட்டுப்படுத்த உடம்பு இன்சுலின் என்று ஒன்றைச் சுரக்கிறதாம். என் உடம்பு அதன் சொல்லைச் சரியாகக் கேட்பதில்லை. அதனால் அது அளவுக்கு மேல் சுரந்து சூலகத்தின் வேலையைக் குழப்புகிறது. இந்த மாத்திரை உடம்பைச் சொல் கேட்க வைக்கும். பலருக்கு மாதவிடாய் ஒழுங்காகி, கரு உண்டாகவும் வழி பிறக்கும் என்றார்.

"எல்லாருக்கும் சரிவரும்னு சொல்ல மாட்டேன். சாப்பாட்டோட குடிங்க. என்ன?"

அங்கேதான் பிசகியது. எங்கள் ஆட்களுக்கு விடியற்காலைத் தேத்தண்ணிதான், அந்த வெறும் சாயத்தண்ணிதான் முதல் சாப்பாடு. ரொட்டியைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போய், வெயில் ஏறிய பிறகுதான் தின்போம். நானும் சாயத்தண்ணியோடு மாத்திரையை விழுங்கிவிட்டு, காலையில் பேர் பதிகிற பெரட்டுக்கு ஓடினேன்.

சில நாளிலேயே, மலையில் நிற்கும்போது வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது. தேயிலைச் செடியைப் பிடித்தபடி வாந்தி எடுத்தேன். அந்த வாரம் முழுக்க அதே கதைதான். அடுத்த நிரையில் பறிப்பவர் ஓர் அக்கா. என்னோடு சண்டை பிடிக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. என் கோபத்தின் காரத்துக்கு 'கொச்சிக்கா', அதாவது மிளகாய் என்று பட்டம் வைத்ததும் அவர்தான்.

"ஏய், இங்க பாருங்கடி! நம்ம கொச்சிக்கா முழுகாம இருக்கு!"

"வாய மூடுங்கக்கா. ரொட்டி ஒத்துக்கல."

"அது என்னா ரொட்டிடி, வாரம் பூரா ஒத்துக்காம இருக்கு?"

மலையே சிரித்தது.

எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. ஒருத்தி முழுகாமல் இருந்தால், அவளுக்கு நிறை குறையாமல் இருக்க, நிறுவைக்குப் போகுமுன் மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பிடி கொழுந்தை அவள் கூடையில் போடுவார்கள். எத்தனையோ பேர் கூடையில் நான் போட்டிருக்கிறேன். என் கூடையில் யாரும் போட்டதில்லை. அன்று போட்டார்கள். வேண்டாம் என்றேன், வாய்தான் சொன்னது.

மாதவிடாயும் தள்ளித்தான் போயிருந்தது. எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. வீட்டுக்காரர் ராகலை டவுனிலிருந்து மாங்காய் வாங்கி வந்து அடுப்படியில் வைத்தார். ரொட்டி தட்டும்போது பெயர் யோசித்தேன். ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று.

அடுத்த கிளினிக்கில் சோதித்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை.

வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டேன். சிங்கள நர்ஸ் ஒருவர் பக்கத்தில் வந்து அமர்ந்து, தங்கச்சி என்கிற மாதிரி 'நங்கி' என்று கூப்பிட்டார்.

"நங்கி, மருந்து குடிக்க முன்ன என்ன சாப்பிட்டது?"

"தேத்தண்ணி."

"ஐயோ நங்கி! தேத்தண்ணி சாப்பாடு இல்லதானே? வெறும் வயிறு. அதுதான் வாந்தி."

என்னைத் திரும்ப உள்ளே கூட்டிப்போய், குறைந்த அளவில் தொடங்கி மெதுவாகக் கூட்டும்படி டொக்டரிடம் கேட்டு மாற்றிக் கொடுத்தார். பஸ் வரும்வரை பக்கத்திலேயே இருந்தார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

மறுநாள் நிறுவைக்கு முன் பெண்கள் கொழுந்தோடு வந்தார்கள். கூடை வாயைக் கையால் மூடினேன்.

"போடாதீங்க. புள்ள இல்ல. எல்லாம் அந்தச் சீனி மாத்திரை பண்ணுன வேல."

கையில் கொழுந்தோடு அப்படியே நின்றார்கள். அந்த அக்கா மட்டும் கிட்ட வந்தார்.

"கைய எடுடி."

"அதான் சொன்னேன்ல, புள்ள இல்லன்னு!"

"காதுல விழுந்துச்சு. நீ இருக்கல்ல?"

என் கையைத் தட்டிவிட்டுப் போட்டார். பிறகு மற்றவர்களும் போட்டார்கள். அன்றைக்கு நான் மலையில் நின்று அழுதேன்.

இப்போது சோறு தின்ற பிறகே மாத்திரை போடுகிறேன். வாந்தி இல்லை. மாதவிடாய் ஒழுங்காக வருகிறது. டொக்டருக்கு அதில் சந்தோஷம். எனக்குப் பாதிச் சந்தோஷம்தான். முன்பு தள்ளிப்போகிற நாட்களிலாவது ஒரு நம்பிக்கை ஒட்டிக்கொண்டிருக்கும். இப்போது மாதம் தவறாமல் வந்து, இல்லை என்று சொல்லிவிட்டுப் போகிறது. ஆனாலும், இத்தனை நாள் சொல் கேட்காத உடம்பு இப்போது கேட்கிறது, அதனால் காத்திருக்கிறேன்.

நான் முகம் செத்து நிற்கிற நாட்களில் அந்த அக்கா இன்றைக்கும் திட்டிக்கொண்டே ஒரு பிடி போடுவார். எனக்கென்று விழுகிற அந்தப் பிடி போதும் என்று மனதுக்குச் சொல்லிப் பார்க்கிறேன். ஆனால் இன்னொரு பிடிக்கும் கூடையில் இடம் வைத்துக்கொண்டுதான் பறிக்கிறேன்.