பொட்டு வைத்த டேங்க்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வந்த வேகத்தில் வாயும் திறந்துவிடும். நான் முக்குளிக்கப் போகிறவன். கடலுக்கடியில் பேச முடியாது என்பதால்தான் அங்கே உங்களுக்குச் சிநேகிதர்கள் இருக்கிறார்கள் என்று என் மனைவி கிண்டல் செய்வாள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் இது கரையில் நடந்தது. பட்டர்வொர்த்தில் ஒரு வீட்டின் பின்கட்டில், ஒரு சனிக்கிழமைக் காலையில், என் கையால் தடவிய இரண்டு சொட்டு எண்ணெயால் ஒரு வீடே எரிந்திருக்கும். எரியாமல் போனதற்கு ஒரு மனிதரின் மூக்குதான் காரணம். அந்த மூக்குக்கு நான் பட்ட கடன் தீராது.

தொண்ணூறுகளின் நடுவில் நான் பட்டர்வொர்த்தை ஒட்டிய மாக் மண்டினில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். வீடு எதிரே தீவில், டத்தோ கிராமாட்டில். காலையும் மாலையும் ஃபெரியில் கடலைத் தாண்டுவேன். இத்தனை வருஷம் மேலேயே போய் வருகிறோமே, கீழே என்னதான் இருக்கிறது என்று ஒருநாள் தோன்றியது. அதோடு முக்குளிக்கும் கிளப்பில் போய்ச் சேர்ந்துவிட்டேன். ஏழெட்டுப் பேர்தான் இருந்தோம். கணக்கு டீச்சரம்மா ஒருவர், பேங்க் கிளார்க் ஒருவர், மற்றவர்களும் இப்படி மாதச் சம்பளக்காரர்கள்தாம்.

அப்போதுதான் நைட்ராக்ஸ் என்ற பேச்சு எங்கள் பக்கம் வந்தது. சாதாரணக் காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆக்சிஜன். இதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதனால் உடம்பில் நைட்ரஜன் குறைவாகச் சேரும், அடியில் கூடுதல் நேரம் இருக்கலாம். ஆனால் ஓர் ஆழத்தைத் தாண்டினால் அதே ஆக்சிஜன் விஷமாகி வலிப்பு வந்துவிடும். இதைப் பற்றி எங்கள் கிளப்பில் நடந்த சண்டை கொஞ்சநஞ்சமல்ல. இதை அடித்துக்கொண்டு போனால் மேலே வந்தபின் தலைவலி இல்லை, அலுப்பு இல்லை, வீட்டுக்குப் போய்ப் பரீட்சைத் தாள் திருத்த முடிகிறது என்றார் டீச்சர். எல்லாம் கடைக்காரன் வித்தை, நம் அப்பன் பாட்டன் சுவாசித்த காற்று நமக்குப் போதாதா என்றார் கிளார்க். நான் இரண்டு பக்கமும் பேசினேன். மனசுக்குள் என் எண்ணம் ஒன்றுதான்: என்ன பேர் வைத்தாலும் அதுவும் காற்றுதானே. அந்த எண்ணம்தான் என்னைக் கெடுத்தது.

முதுகில் கட்டிக்கொண்டு இறங்கும் டேங்கில் எங்களுக்குக் காற்று அடித்துத் தந்தவர் என்னைவிட ஆறேழு வயது இளையவர். தம்பி என்றுதான் கூப்பிடுவேன். வேளாங்கண்ணி மாதா படத்துக்குக் கீழே கம்ப்ரஸரை வைத்திருந்த கத்தோலிக்கர். முன்பு வெல்டிங் கேஸ் விற்கும் இடத்தில் வேலை பார்த்தவர். அவரைப் போல ஒரு சந்தேகப் பிராணியை நான் பார்த்ததில்லை. கம்ப்ரஸர் காற்றை உறிஞ்சும் குழாயை மூங்கிலில் கட்டிக் கூரைக்கு மேலே தூக்கி வைத்திருந்தார், சந்தில் நிற்கிற லோரிப் புகை உள்ளே வந்துவிடக் கூடாதாம். சீனர்களின் ஏழாம் மாதத்தில் பக்கத்து வீட்டுக்காரர் பேய்களுக்குக் காகிதப் பணம் எரிக்கத் தொடங்கினால் மெஷினை நிறுத்திவிட்டுத் தெருவில் போய் உட்கார்ந்துகொள்வார். காற்றைக் கொஞ்சம் வெள்ளைக் கைக்குட்டையில் பீய்ச்சி எண்ணெய்ப் புள்ளி விழுகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு டேங்கின் வால்வு வாயிலும் மூக்கை வைத்து முகர்ந்த பிறகுதான் குழாயை மாட்டுவார். பெண் பார்க்க வந்த வீட்டில் கத்தரிக்காயை முகர்ந்து பார்க்கிற மாமியார் மாதிரி என்று நான் கேலி செய்வேன். சிரிப்பார், முகர்வதை மட்டும் விடமாட்டார்.

நைட்ராக்ஸுக்காக என் டேங்கையும் அவரிடம் கொடுத்தேன். பிரித்து, உள்ளும் புறமும் கழுவி, பச்சையும் மஞ்சளுமாகப் பட்டை ஒட்டித் தந்தார். இதில் முதலில் சுத்த ஆக்சிஜனை ஏற்றி, அதன்மேல்தான் காற்றை அடிப்பேன், அதனால் எண்ணெய்ப் பிசுக்கு இதன் கிட்டேயே வரக்கூடாது என்று எல்லோருக்கும் சேர்த்துச் சொன்னார். பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டிவிட்டு, புரிந்தது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. பட்டறை முதலாளி சீனர் என்றாலும் பூஜைக்கு எங்களைவிட அவருக்குத்தான் அவசரம், பொரி கடலையில் அத்தனை ஆசை. லேத்தைத் துடைத்து எண்ணெய் போட்டுச் சந்தனம் குங்குமம் வைத்தோம். வருஷமெல்லாம் சோறு போடுகிற மெஷினுக்கு ஒரு நாள் மரியாதை. என் உயிரைச் சுமக்கிற டேங்குக்கு மட்டும் அது இல்லையா என்று தோன்ற, அதையும் கொண்டுபோய் வரிசையில் நிறுத்தினேன். பெரிய பொட்டாக வைத்தேன். நான் மெஷின்காரன், உப்புத் தண்ணீர் பட்ட பித்தளையைக் கண்டால் கை சும்மா இருக்காது. வால்வு வாயில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டேன். அதிலும் என் அக்கறையைப் பாருங்கள்: வாயில் வைத்து மூச்சு விடுகிற பொருளாயிற்றே, மெஷின் எண்ணெய் நாறுமே என்று விளக்குக்கு வாங்கிய நல்லெண்ணெயை எடுத்து, கோழி இறகால் பதமாகத் தடவினேன். தடவிவிட்டுக் கும்பிடவும் செய்தேன்.

அடுத்த சனிக்கிழமை கிளப் கிழக்குக் கரைக்குக் கிளம்புவதாக இருந்தது. மழைக்காலம் தொடங்கித் தீவுகளை மூடுவதற்கு முன் அதுதான் கடைசிப் பயணம். நைட்ராக்ஸ் தாங்கும் ஆழத்திலேயே இருந்த ஒரு பாறைக்கு அதில் இறங்கலாம் என்று மாதக்கணக்காகப் பேசி வைத்திருந்தோம். காலை பத்து மணிக்கு டீச்சரும் நானும் எல்லோருடைய டேங்குகளையும் தம்பி வீட்டில் இறக்கினோம். நிறைமாதமாக இருந்த அவர் மனைவி அடுப்படியிலிருந்து பால் விடாத கோப்பி ஓ கொண்டுவந்து கொடுத்தார். அடுப்படிக்கும் காற்று அடிக்கிற இடத்துக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான்.

தம்பி ஒவ்வொன்றாக முகர்ந்துகொண்டு வந்தார். என் டேங்கில் நின்றார். மறுபடி முகர்ந்தார். பொட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு டேங்கைத் தூக்கிச் சுவரோரமாகத் தள்ளி வைத்துவிட்டு, இதற்கு இன்றைக்கு அடிக்க முடியாது என்றார்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் பொட்டைப் பார்த்த பார்வைதான். கடைசிப் பயணம் வேறு கைவிட்டுப் போகிறது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது எனக்காகவே சொன்னது.

"பொட்டு வச்சதுனாலதானே தொட மாட்டேங்கிற? நீ வேதக்காரன். நேரா சொல்லிட்டுப் போ லா."

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். கோப்பிக் குவளையை எடுக்க வந்த தம்பியின் மனைவி அப்படியே திரும்பிப் போனார். அந்தக் கோப்பி என் நாக்கில் இன்னும் இனித்துக்கொண்டிருந்தது. தம்பி மற்ற டேங்குகளை முடித்தார். மீட்டரை டீச்சர் கையில் கொடுத்து, வழக்கம்போல அவரையே ஆக்சிஜன் அளவைப் பார்த்து எழுத வைத்தார். டீச்சர் வேனைத் திறக்க வெளியே போன பிறகு, காது குடைகிற பஞ்சுக் குச்சி ஒன்றை எடுத்து என் டேங்கின் வால்வு வாயில் ஒரு சுற்றுச் சுற்றி, என் மூக்கருகே நீட்டினார்.

சாமி விளக்கின் வாசனை.

இது எனக்குத் தெரியாத விஷயமே இல்லை. எங்கள் பட்டறையில் வெல்டிங் ஆக்சிஜன் சிலிண்டரைப் பிசுக்குக் கையால் தொட்டவர்களை நானே எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன். அழுத்தத்தோடு பாய்கிற ஆக்சிஜன் எண்ணெயைத் தொட்டால் தீக்குச்சி தேவையில்லை, தானே பற்றும், பித்தளையே எரியும். பூஜையன்றுகூட அந்த சிலிண்டரில் யாரும் எண்ணெய் வைக்கமாட்டோம், உடம்பில் பொட்டு மட்டும்தான். என் டேங்கை நான் அந்தக் கணக்கில் சேர்க்கவேயில்லை. அதுவும் காற்றுதானே. குழாயைத் திறக்கும்போது டேங்கை மார்போடு அணைத்தாற்போல் பிடித்துக்கொண்டு நிற்பது அவர். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி, வயிற்றில் பிள்ளை.

"அண்ணே, பொட்டு இருக்கட்டும். எண்ணெய்தான் போகணும்" என்றார் அவர், தாழ்ந்த குரலில்.

என்ன ஆயிற்று என்று டீச்சர் வாசலிலிருந்து கேட்டார். வால்வில் சின்னக் கோளாறு அக்கா, நான் முன்னாடியே பார்த்திருக்க வேண்டும் என்று தம்பி பதில் சொன்னார். பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு, தன்னுடைய சாதாரணக் காற்று டேங்க் ஒன்றைத் தூக்கி என் கையில் கொடுத்தார். வாய் நீண்டவன் அன்றைக்கு ஊமையாக வேனில் ஏறினேன்.

தீவில் கிளார்க் உட்பட எல்லோரும் நைட்ராக்ஸில் இறங்கினார்கள், நான் மட்டும் வெறும் காற்றில். அடியில் எனக்கு நேரம் முதலில் முடிந்தது. நான் மேலே வந்து படகில் உட்கார்ந்திருந்தேன். மற்றவர்கள் வர இன்னும் பத்துப் பதினைந்து நிமிஷம் இருந்தது. அவர்களுடைய குமிழிகள் வந்து உடைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு குமிழியும் அந்தத் தம்பி முகர்ந்து பார்த்து அடித்த மூச்சு. இத்தனை நாளாக அவர் மூக்கைக் கேலி செய்துகொண்டே அதை நம்பித்தான் மூச்சு விட்டிருக்கிறேன், ஒரு நாள் நன்றி சொன்னதில்லை. அழுகை வந்தது. தண்ணீரிலிருந்து வந்தவன் முகத்தில் யாருக்குத் தெரியப்போகிறது.

டீச்சர் படகில் ஏறியதும் எண்ணெய் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். வால்வில் கோளாறு இல்லை, எனக்குத்தான் கோளாறு என்றேன். அவர், இதை என்னிடம் சொல்லி என்ன பிரயோஜனம், தம்பி மனைவி காதில் விழுந்த வார்த்தைக்கு அவர்கள் வாசலில் போய்ச் சொல்லுங்கள் என்றார். கணக்கு டீச்சர் இல்லையா, விடை எங்கே எழுத வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

அடுத்த வாரம் பட்டறை விட்டதும் நேராகத் தம்பி வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே அவர் மனைவிதான் நின்றார். அன்றைக்கு நான் பேசியது தப்பும்மா, மன்னித்துக்கொள் என்றேன். அவர் தலையசைத்துவிட்டு உள்ளே பார்த்து, "அண்ணன் வந்துருக்காங்க" என்று குரல் கொடுத்தார். அது போதுமாக இருந்தது.

தம்பி என் டேங்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். வால்வைக் கழற்றி, ரப்பர் வளையத்தையெல்லாம் மாற்றி, வெந்நீரும் சோப்பும் போட்டு மூன்று தடவை கழுவியிருந்தார். முகர்ந்து பாருங்கள் என்று என் பக்கம் திருப்பினார். அவரைப் போலவே குனிந்து மூக்கை வைத்து முகர்ந்தேன். வாசனை என்று ஒன்றுமே இல்லை.

நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன். டேங்கின் தோளில் சந்தனமும் குங்குமமும் நான் வைத்தபடியே இருந்தன. மேலே கண்ணாடி டேப்பைச் சதுரமாக வெட்டி, ஓரம் நான்கும் அழுத்தி ஒட்டியிருந்தார்.

"கழுவுறப்போ அழிஞ்சிடும்லா அண்ணே" என்றார். "அதான்."