என் கடிகாரத்தில் நானே திருடியது

1999-ல், திண்டுக்கல்லில் ஓர் அலுவலகத்தில் நான் எழுத்தராக இருந்தபோது நடந்தது இது. எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. திருமணம் செய்துகொள்ளவில்லை. தம்பி குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருந்தேன். அந்த வருடம் தம்பிக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்து, எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான். பிள்ளைகள் சத்தம் போன வீட்டில் நானும் ஒரு பழங்காலத்துச் சுவர்க் கடிகாரமும் மிஞ்சினோம். ஒரே மாதத்தில் அதுவும் நின்றுவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொழுது போகாமல் அதைப் பிரித்தேன். கழற்றிய பதினொரு ஸ்க்ரூவையும் ஒரே டம்ளரில் போட்டேன், அதிமேதாவி! திரும்ப மாட்டப் போனால் ஒன்றும் ஏறவில்லை. எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு பழனி ரோட்டில் இருந்த ஒரு கடிகாரக் கடைக்குப் போனேன்.

கடைக்காரருக்கு என்னைவிட ஏழெட்டு வயது குறைவு இருக்கும். சித்தையன்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். டம்ளரைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“என்னண்ணே, இப்புடிக் கலக்கிப்புட்டீங்க? ஸ்க்ரூவுல சுத்திச் சுத்தி வரி ஓடுதுல்ல, அந்த மரை ஒவ்வொண்ணும் இதுல கையால போட்டது. அந்த ஓட்டைக்கு அந்த ஸ்க்ரூதான் சேரும். மாத்தி அமுக்கினா மரை அறுந்துரும்.”

ஒரு வாரம் ஆகும் என்றார். வேலையைப் பார்க்கலாமா என்று கேட்டேன். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

அன்று முதல் அலுவலகம் விட்டதும் நேரே அந்த ஸ்டூலுக்குத்தான். அவர் ஸ்க்ரூவை ஓட்டையில் வைத்து, முதலில் விரலால் பின்பக்கமாகத் திருப்புவார். மரையோடு மரை சேரும் இடத்தில் ‘டிக்’ என்று லேசாக இறங்கும். பிறகுதான் முன்பக்கம் திருகுவார். கொஞ்சம் முரண்டு பிடித்தாலும் எடுத்துவிட்டு அடுத்த ஓட்டையில் பார்ப்பார். நடுநடுவே பேச்சு. அவர் மச்சான் அய்யலூர்ச் சந்தையில் வாங்கிய ஆடு, வீடு வந்து சேருவதற்குள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிய கதையைச் சொன்னார். விழுந்து விழுந்து சிரித்தேன். நான் சிரித்துப் பல வாரம் ஆகியிருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது.

ஐந்தாம் நாள் பத்து ஸ்க்ரூ ஏறிவிட்டன. “ஒண்ணுதான் பாக்கி. நாளைக்குத் தூக்கிட்டுப் போயிரலாம்ணே” என்றார். என்னால் சந்தோஷப்பட முடியவில்லை. நாளை மறுநாள் ஐந்து மணிக்கு நான் எங்கே போவேன்? அவர் கடை சாத்தத் திரும்பிய நேரத்தில், அந்தக் கடைசி ஸ்க்ரூவை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அலுவலகத்துப் பென்சிலைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகாத ஆள் நான்.

மறுநாள் போனபோது கடையே தலைகீழாகக் கிடந்தது. அவர் தரையில் மண்டியிட்டு, காந்தத்தை வைத்துக் குப்பையைத் துழாவிக்கொண்டிருந்தார். மதியம் சாப்பிடக்கூட இல்லையாம்.

“இத்தன வருசத்துல ஒண்ணு தொலைச்சதில்லண்ணே. என்னை மன்னிச்சிருங்க.”

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதில், வேறு ஏதாவது ஸ்க்ரூவைப் போட்டு முடித்துவிடுங்கள் என்றேன், பெரிய மனது பண்ணுகிறவனைப் போல.

“அது பாவம்ணே. ஓட்டைக்குத் தக்கன ஸ்க்ரூவைத்தான் செய்யணும். பித்தளையில செஞ்சுதாரேன். தேஞ்சா அது தேயட்டும், பழைய மரை தேயக் கூடாது.”

இரண்டு நாள் மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு அந்தப் பித்தளைத் துண்டோடு மல்லுக்கட்டினார். விரலால் ஏற்றிப் பார்ப்பார், எடுப்பார், எங்கே உரசியிருக்கிறது என்று லென்ஸில் பார்ப்பார், ஒரு இழுப்பு அரத்தால் தேய்ப்பார். கண் சிவந்து நீர் வடிந்தது. எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து அவர் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

இரண்டாம் நாள் மாலை அதுவும் சேர்ந்துவிட்டது. அவர் அதை முறுக்கப் போன நேரத்தில், பையிலிருந்ததை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“நாந்தான் எடுத்தேன் தம்பி. வேலை முடிஞ்சா நான் இங்க எப்படி வாரது? வீட்டுல பேச ஆள் இல்ல” என்றேன்.

அவர் முகம் கோபத்தில் கறுத்தது. பித்தளையை எடுத்துவிட்டு, பழைய ஸ்க்ரூவைப் பின்பக்கமாகத் திருப்பி, ‘டிக்’ என்று இறங்கியதும் முறுக்கினார். கடிகாரம் ஓட ஆரம்பித்தது. பிறகு அந்தப் பித்தளை ஸ்க்ரூவை என் கையில் வைத்தார்.

“சும்மா வந்தா ஒக்காராதீங்கன்னா சொல்லிருவேன்? இந்தாங்க, இத வச்சுக்கங்க. அடுத்த தடவ தொலைக்கிறதுக்கு ஒண்ணு வேணும்ல.”

அதன் பிறகு நான் அந்தக் கடைக்குள் போகவே இல்லை. வெட்கம்தான். அந்தப் பக்கம் போனால் “வாங்கண்ணே, செத்த நேரம் இருந்துட்டுப் போங்க” என்று கூப்பிடுவார். அவசர வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு நடந்துவிடுவேன். ஒரு வேலையும் இருக்காது. காரணமில்லாமல் ஒருவர் முன்னால் போய் உட்கார எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

ஆனால் எங்கள் தெருவில் தனியாக இருக்கும் ஒருவர், கரண்ட் பில் அட்டையில் எழுத்து தெரியவில்லை என்று அடிக்கடி என் வீட்டுக்கு வருகிறார். போன வாரம் படித்துச் சொன்ன அதே அட்டைதான். அவரை உட்கார வைத்து, டீ போட்டுக் கொடுத்து, ஊர்க்கதையெல்லாம் பேசிவிட்டு, கடைசியில்தான் என் கண்ணாடியைத் தேட ஆரம்பிக்கிறேன்.