வாருக்கு எண்ணெய்

தோலைப் பற்றி எங்கள் அப்பாவிடம் யாராவது எதிர்த்து ஒரு வார்த்தை பேசிவிட்டால் அன்று அவருக்குச் சோறு இறங்காது. தோல் பதனிடுகிற ஆம்பூர் ஷாப் ஒன்றில், பதனிட்ட தோலுக்கு எண்ணெய் போடுகிற வேலை அவருக்கு. ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறி வெளியே வந்த தோலைப் பலகையில் விரித்து, புங்க எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி, பிள்ளையின் முதுகில் தேய்ப்பதுபோல் பொறுமையாகத் தேய்ப்பார். எண்ணெய் குடிக்காத தோல் வெடித்துப்போகும் என்பது அவருக்கு வேதம். எனக்கும்தான். எழுத்துப் படிப்பதற்கு முன்பே நான் படித்த பாடம் அது. எங்கள் வீட்டில் தலைக்கு எண்ணெய் இல்லாத நாள் உண்டு. செருப்புக்கும் மாட்டுக் கழுத்துப் பட்டைக்கும் இல்லாத நாள் கிடையாது.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் மாமாவின் மோட்டார் சைக்கிள் விஷயத்தில் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் மூளை இல்லை என்று நினைத்துவிடுவீர்கள்.

மாமா அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. ஜெர்மன் சண்டையின்போது பட்டாளத்தோடு பஸ்ராவுக்குப் போனவர். துப்பாக்கி பிடிக்கிற வேலை இல்லை. சேதி கொண்டுபோகிற சிப்பாய்களின் மோட்டார் சைக்கிள்களைப் பழுதுபார்க்கும் வேலை. கல்யாணமான புதிதில் கப்பலேறினார். அவர் அங்கே இருந்தபோது இங்கே விஷக்காய்ச்சல் வந்தது. குடியாத்தத்தில் தறிக்காரர்கள் தெருவில் இருந்த அவர் மனைவி, என் அத்தை, அதில் போய்விட்டாள். மாமா திரும்பி வந்து கதவைத் தட்டியபோது திறந்தது யாரோ வேற்றுக் குடித்தனக்காரர்கள். எந்த இடத்தில் புதைத்தார்கள் என்றுகூட யாராலும் காட்ட முடியவில்லை. ஊரே செத்துக்கொண்டிருந்த நேரத்தில் எந்தக் குழியில் யார் என்று பார்த்துக்கொண்டிருக்க யாருக்குத் தெம்பு இருந்தது?

அம்மா போய் அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தாள். வந்தவர் எங்கள் வீட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். கூப்பிட்டால் திரும்புவார், அவ்வளவுதான். ஒருநாள் சாயங்காலம் ஆளைக் காணவில்லை. ரயில் கேட்டுக்கு அந்தப்பக்கம் தண்டவாளத்தில் உட்கார்ந்திருந்தவரை அப்பாவும் கேட்டுக்காரரும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரே ஒரு கவலைதான்: மாமா நாளைக்கு இருப்பாரா? அம்மா தண்ணீருக்குப் போனால் நான் காவல், நான் விளையாடப் போனால் அம்மா காவல். எதற்குக் காவல் என்று எனக்கு யாரும் விளக்கவில்லை. மாமா எங்கேயாவது தொலைந்துபோய்விடுவார், சின்னப் பிள்ளைகள் சந்தையில் தொலைவதுபோல, என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

அப்பா வேலைசெய்த ஷாப்பின் கடுக்காய்க் கொட்டகையில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் கிடந்தது. முன்பு அங்கே மேற்பார்வைக்கு இருந்த ஒரு வெள்ளைக்காரருடையது. அவரும் சண்டைக்குப் போய்த் திரும்பி வரவில்லை. அதன்மேல் கோழி ஏறி முட்டையிடும். இடத்தை அடைக்கிறது, எடுத்துக்கொண்டு போ என்று முதலாளி சொன்னதும் அப்பா அதை மாட்டுவண்டியில் போட்டு வீட்டு முற்றத்தில் கொண்டுவந்து இறக்கினார். இந்தத் துரு மூட்டை எதற்கு என்று தெருவே கேட்டது.

"ஓடலன்னா போவுது. அவன் கைக்கு ஒரு வேல வேணும். அவன் உசுரோட இருந்தா போதும்," என்றாள் அம்மா.

மாமா கொஞ்சநாள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு ஒரு காலையில் நான் எழுந்து வந்தபோது முற்றத்தில் குந்தி, ஒரு ஆணியால் துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அம்மா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் கஞ்சி பொங்கி வழிந்ததை இருவரும் கவனிக்கவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் புளி எல்லாம் துருவுக்கே போனது. மண்ணெண்ணெயில் ஊறாத பாத்திரம் இல்லை. பெட்ரோல் டாங்கியின் ஓட்டையை ஈயம் பூசுகிறவர் வந்து அடைத்தார். முதலாளியின் மோட்டார் ஓட்டுகிற பாய் மாமாவுக்குத் தோஸ்த் ஆகி, பாட்டிலில் பெட்ரோல் கொண்டுவந்து கொடுத்தார். எஞ்சின் இருமியது, புகைந்தது, ஒருநாள் உறுமியது. மாமா மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டதும் அன்றுதான்.

அந்தக் காலத்து வண்டியில் சங்கிலி கிடையாது. எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்கு ஒரு தோல்வார் போகும். எஞ்சின் சுற்றினால் வார் சுற்றும், வார் சுற்றினால் சக்கரம் சுற்றும். பழைய வாரை எலி தின்றிருந்தது. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. மோட்டாரில் அவருக்குத் தெரிந்த சாமான் ஒன்று இருக்கிறதே! நல்ல எருமைத்தோலில் முதுகுப்பக்கமாகப் பார்த்து அறுத்து, அடுக்கித் தைத்து, ஆணி அடித்து, பிறகு எண்ணெய் போட்டார் பாருங்கள், வார் வெண்ணெய் மாதிரி ஆகும்வரை போட்டார்.

ரயில் கேட்டுக்கு ஏறுகிற மேட்டில்தான் வெள்ளோட்டம். மாமா வண்டியைத் தள்ளிக்கொண்டே ஓடி, தாவி உட்கார்ந்தார். சமதரையில் போனது. மேட்டில் பாதி ஏறியதும் எஞ்சின் தலைதெறிக்கக் கத்தியது. சக்கரம் மட்டும் நின்றுவிட்டது. மாமா இறங்கி வாரைத் தொட்டு, விரலை மோந்து பார்த்துச் சிரித்தார். வந்ததிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்.

"மாமா, இத்துக்கு எண்ண ஆவாது. வழுக்கும். வாரு சக்கரத்த புடிக்காது," என்றார் அப்பாவிடம்.

"தோலப் பத்தி எனக்கே சொல்றியா? எண்ண இல்லன்னா வெடிச்சிப் பூடும்," என்று அப்பா முகத்தைத் தூக்கிக்கொண்டார்.

நான் அப்பா பக்கம். மோட்டாரைப் பற்றி மாமா என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், தோலைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? ஆனாலும் மாமா சாம்பலைப் போட்டு வாரை அழுந்தத் துடைத்தார். வண்டி மேட்டை ஒரே மூச்சில் ஏறி, தண்டவாளத்தைத் தாண்டி, வாணியம்பாடி ரோட்டில் மறைந்தே போனது. தெருவே கூச்சல் போட்டது. அம்மா மட்டும் வாசலைவிட்டு நகராமல் நின்றாள். மாமா விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்பினார். வண்டியைச் சாத்திவிட்டு, கால்கூடக் கழுவாமல், பழையபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாடா, வண்டிதான் நல்லா ஓடுதே," என்றாள் அம்மா.

"ஆமாக்கா. சரியாப் பூட்ச்சி. இனிமே இன்னா இருக்குது அதுல," என்றார் மாமா.

அம்மா அவரையும் முற்றத்து வண்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். நான் பின்னாலேயே போனேன். என் தலைக்குத் தேய்க்கிற அதே கையால் வாரின் உட்பக்கம் முழுக்க, ஒரு விரல் இடம் விடாமல், தேய்த்தாள்.

"அப்பா சொன்னாரில்ல, காஞ்சிடும்னு? மாமாகிட்ட சொல்லாத," என்றாள்.

அம்மாவும் அப்பா பக்கம்தான் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தம்பியின் மனம் நோகக்கூடாதென்று மறைக்கிறாள் என்று அதற்குக் காரணத்தையும் நானே கண்டுபிடித்துக்கொண்டேன்.

மறுநாள் வண்டி மேடு ஏறவில்லை. மாமா தள்ளிக்கொண்டு வந்து, கோணியை விரித்து, கார்புரேட்டரைக் கழற்றினார். அது சுத்தமாகத்தான் இருந்தது. இன்னொரு நாள் மேக்னட்டோவைக் கழற்றினார். பிறகு வால்வு, பிறகு பிளக். கழற்றுவார், துடைப்பார், ஊதுவார், மாட்டுவார், மேட்டுக்குப் போவார், பாதியில் திரும்பி வருவார். பஸ்ரா மேஸ்திரி வர்றாரு, வழி விடு என்று தெருவில் கேலி செய்தார்கள். ஆனால் மாமா வேளைக்குச் சாப்பிட்டார், தூங்கினார், காலையில் எங்களுக்கு முன்னால் எழுந்தார். கையில் கரி இல்லாத நேரத்தில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பாலாற்றுக்குக் குளிக்கக்கூடப் போனார்.

ஒருமுறை அவர் வாரைத் தொட்டு விரலை மூக்கருகே கொண்டுபோனதைப் பார்த்தேன். அப்படியே சமையலறைப் பக்கம் திரும்பி, உள்ளே அம்மா அம்மியில் அரைக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருந்தார். பிறகு விரலை லுங்கியில் துடைத்துவிட்டு, முந்தின நாள் கழற்றிய அதே கார்புரேட்டரை மறுபடி கழற்றத் தொடங்கினார். எங்கள் ஊரில் தோலை மோந்து பார்க்காத மனுஷர் யார்? நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"அக்கா, இன்னிக்கும் ஏறல," என்பார் வந்து.

"நாளிக்கிப் பாரு. இப்ப இத்தக் குடி," என்று அம்மா கஞ்சியை நகர்த்துவாள்.

இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் போயிருக்கும். அந்த மழைக்காலத்தில் எங்கள் தெருவில் வாந்திபேதி கண்டது. அம்மா ஒரு பகலும் ஒரு இரவும்தான் படுத்திருந்தாள். என்னைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தபோது வீட்டில் அப்பாவும் மாமாவும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். அவளுடைய சேலை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது, அதை எடுத்து மடிக்க யாருக்கும் தோன்றவில்லை. அந்த நாட்களைப் பற்றி எழுத எனக்கு இன்றைக்கும் மனசு வரவில்லை.

மழை விட்டு வெயில் அடித்தது. வண்டி வீட்டுக் கொட்டாயில் கோணி போர்த்திக் கிடந்தது. ஒருநாள் மாமா அதை வெளியே எடுத்தார். எதையும் கழற்றவில்லை, துடைக்கவில்லை. தள்ளிக்கொண்டு ஓடித் தாவினார். வண்டி மேட்டில் ஏறியது. பாதியில் நிற்கும் நிற்கும் என்று பார்க்கிறேன், நிற்கவேயில்லை. நேரே உச்சிக்குப் போய்த் தண்டவாளத்தில் நின்றது. நான் கைதட்டிக்கொண்டே ஓடினேன். எத்தனை மாசப் பாடு, கடைசியில் மாமா ஜெயித்துவிட்டார்!

போய்ப் பார்த்தால் மாமா வண்டியைக் கீழே போட்டுவிட்டுத் தண்டவாளத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தார். இரண்டு கையாலும் வாரைப் பிடித்துக்கொண்டு அழுதார். அத்தைக்காக அவர் அழுது நான் பார்த்ததில்லை. அம்மாவுக்கு மண் போட்டபோதும் அழவில்லை என்று பிறகு சொன்னார்கள்.

"மாமா, வண்டி ஏறிடிச்சே, ஏன் அழற?" என்றேன்.

"காஞ்சிப் பூட்ச்சி, பாப்பா," என்றார்.

கேட்டுக்காரர் போட்ட சத்தத்தைக் கேட்டு அப்பா வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். மாமா எழுந்திருக்கவில்லை. அப்பா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் யாருமில்ல மச்சான், எழுந்திரு," என்று கெஞ்சினார். எங்கள் அப்பா ஒருவரைக் கெஞ்சி நான் அதுவரை கேட்டதில்லை. மெட்ராஸ் பக்கம் போகிற ரயிலின் ஊதல் கேட்ட பிறகுதான் மாமா அசைந்தார். வீட்டுக்கு வந்ததும் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். அப்பா ஆக்கிய சோறு ஆறிப்போனது.

அன்று விளக்கு வைத்ததும் நான் அம்மாவின் எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடி எடுத்தேன். வார் காய்ந்துபோனதற்காக ஒரு மனுஷர் அவ்வளவு அழுகிறார்; தோல் ஷாப்காரர் மகள் நான் சும்மா இருக்க முடியுமா? அம்மா செய்தபடியே உட்பக்கம் முழுக்க, ஒரு விரல் இடம் விடாமல், தேய்த்தேன்.

காலையில் மாமா யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வண்டியை வெளியே எடுத்தார். அப்பா தடுக்கப் போய், தடுக்க முடியாமல் பின்னாலேயே நடந்தார். நானும் ஓடினேன். பாதி மேட்டில் எஞ்சின் கத்தியது, சக்கரம் நின்றது. மாமா இறங்கி வாரைத் தொட்டார். விரலை மோந்தார். அப்படியே திரும்பி என்னைப் பார்த்தார்.

"யாரு போட்டது?"

"நான்தான். அம்மா தெனம் போடும். காஞ்சிடும் இல்ல?"

அவர் விரலை மெல்ல லுங்கியில் துடைத்தார். தோலுக்கு எண்ணெய் போட்டதற்கு அப்பா என்னை மெச்சக்கூட இல்லை.

"ஆமா, காஞ்சிடும்," என்றார் மாமா கடைசியில். வண்டியைத் திருப்பித் தள்ளிக்கொண்டு வந்து, முற்றத்தில் கோணியை விரித்து, ஸ்பானர் பையைக் கொண்டுவரச் சொன்னார். "கஞ்சி இருந்தா ஊத்து, பாப்பா," என்றார்.

வாருக்கு எண்ணெய் போட்டும் வண்டி ஏறவில்லையே என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. மாமா கார்புரேட்டரைக் கழற்றி, சுத்தமாக இருந்ததை மறுபடி ஊத ஆரம்பித்தார். இத்தனை வருஷம் பஸ்ராவில் இவருக்கு ஒரு எழவும் சொல்லிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே கஞ்சியைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். அன்று சாயங்காலமும் மறக்காமல் எண்ணெய் போட்டேன்.