யானை இழுத்த உத்தரம்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு ஜனவரி மாத வெள்ளிக்கிழமை. நாங்கள் ஓமனில் சோஹாரில் இருக்கிறோம். கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. லீவு நாளில் இவருக்கு ஒரு கிறுக்கு உண்டு. பழைய மண்வீடுகளைத் தேடிப் போய்ப் போட்டோ எடுப்பார். நானும் தலையெழுத்தே என்று கூடப் போவேன்.

அன்று ஊருக்கு வெளியே ஒரு பேரீச்சந்தோப்பு. உள்ளே பாழடைந்த வீடு ஒன்று. தோப்புக்காரரான ஓமானியர் சிரித்தபடி, போய்ப் பார்க்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் சடசடவென்று மழை. நான் காருக்கு ஓடினேன். இவருக்குக் கேமரா நனைந்துவிடுமாம், வீட்டுக்குள் ஓடினார்.

"ஏனுங்க, மண் சுவருங்க, வெளிய வாங்க!" என்று கத்தினேன். கேட்டால்தானே!

கண்ணெதிரே சுவர் சரிந்தது. கூரை மொத்தமாக உள்ளே இறங்கியது. ஓடிப் போய்ப் பார்த்தால், வெறும் மண்ணும் ஈச்ச ஓலையும்தான். கல்யாணமான இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவர் பெயரைச் சொல்லி அலறினேன்.

அடியிலிருந்து குரல் வந்தது. "இங்கதான் இருக்கறன் புள்ள, அழுவாத."

தோப்புக்காரரும் வேலையாட்களும் "யல்லா, யல்லா" என்று ஒருவரையொருவர் அவசரப்படுத்திக்கொண்டு வெறுங்கையால் மண்ணை வாரினார்கள். பெரிய மர உத்தரம் ஒன்று, ஒரு முனை தரையிலும் மறுமுனை மிச்சமிருந்த சுவரிலுமாகச் சாய்ந்து நின்றிருந்தது. அத்தனை பாரத்தையும் அதுதான் தாங்கியிருக்கிறது. அதனடியில் சுருண்டு உட்கார்ந்திருந்தார் இவர். தோளில் சிராய்ப்பு, அவ்வளவுதான். கட்டிக்கொண்டு அழுதேன். அப்புறம் வாய் வலிக்கத் திட்டினேன்.

அந்த உத்தரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான், முனையில் இருந்த ஓட்டைக்குள் கை நுழைந்தது. ஒரு பக்கம் வழவழவென்று தேய்ந்திருந்தது. இது எனக்குத் தெரிந்த ஓட்டை. என் அப்பா டாப்சிலிப் மலைக்காட்டில் வனத்துறை ஊழியராக இருந்தவர். அந்தக் காலத்தில் வெட்டிய தேக்குத் துண்டுகள் சில அங்கே கிடக்கும். அவற்றிலும் இதே ஓட்டைதான். சங்கிலி கோத்து யானை இழுப்பதற்காகப் போட்டது.

தோப்புக்காரரிடம் கேட்டேன். "யே லக்டி ஹிந்துஸ்தான் கா. மலபார்!" என்று இந்தியில் சொன்னார். இந்தியாவின் மலபார் மரமாம். அவருடைய பாட்டனுக்கும் பாட்டன் காலத்தில் பாய்க்கப்பலில் வந்ததாம்.

அடேயப்பா! எந்த மலையில் நின்ற மரமோ, யார் வெட்டியதோ, எந்த யானை மூச்சு வாங்க இழுத்து வந்ததோ. எல்லோரும் மண்ணாகிப் போயும், அவர்கள் பாடுபட்டது என் வீட்டுக்காரரைக் காப்பாற்றியிருக்கிறது.

ஊருக்குப் போனால் கோயில் யானையின் முன் எல்லோரும் ஆசீர்வாதம் வாங்கத் தலை குனிகிறார்கள். நான் நன்றி சொல்லத்தான் குனிகிறேன்.